தூண்டிலுக்குப் போன லிவிங்ஸ்டன்

உடங்குடிக்கு என்ன ஜோலியா வந்தேன்னா கேக்கிய? ஆள் கூப்பிட வந்தேன் அண்ணாச்சி. வரல. காலம்பற ஆறு மணிக்குக் கயத்தாறுல ஏறி, திருநெல்வேலியில இறங்கி, அங்கேர்ந்து அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்தேன். ஒரு நாள் லீவும் போச்சு. வந்த மாதிரியே தனியா இந்த பஸ்ல திரும்பிப் போறேன்.

கொத்தவேலைக்கா, சமையலுக்கான்னு நெனைக்காதிய. சண்டைக்கு. ஜெட் விமானச் சண்டை. பாத்தியளா, சிரிக்கிய. கம்ப்யூட்டர்லதான், ஒத்துக்கிடுதேன். ஆனா கேம்னு மட்டும் சொல்லிராதிய, எனக்குக் கோவம் வந்துரும். இன்ஜின் ஸ்டார்ட் பண்ணவே இருவது சுவிட்ச் போடணும். ஒண்ணு விட்டுட்டா ஓடுபாதையிலயே கல்லுப்பிள்ளையார் மாதிரி நிக்க வேண்டியதுதான்.

என் பேரு நம்பிராஜன். கயத்தாறு பக்கம் ஒரு டைல்ஸ் கம்பெனியில ஷிப்டு சூப்பர்வைசர். எனக்குக் கீழ முப்பத்திரெண்டு பேரு. பேருக்குத்தான் கீழ. ஹெல்மெட்டைப் போடுங்கப்பான்னா ஒருத்தன் போட மாட்டான். அந்தப் பலகையை நகத்துங்கன்னா நாளைக்குன்னுவான். வீட்டுக்கு வந்தா, யாருமே இல்லாத ரூம்ல ஃபேன் ஓடுது, அணைங்கன்னா அது எனக்கே திரும்பி வரும், எந்திரிச்சுப் போய் அணைச்சா என்னன்னு. நான் சொல்லி ஒண்ணு நடந்துச்சுங்கிறதே கெடையாது அண்ணாச்சி.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு ஹெட்செட்டை மாட்டிட்டு, 'வல்லூறு, எல்லாரும் இடது பக்கம்'னு சொல்லுவேன். வல்லூறுதான் எங்க ஸ்குவாட்ரன் பேரு. நாலு ஜெட்டு, நாலு பேரு. சாகுல் ஹாங்காங்ல இருக்கான், காயல்பட்டணத்துக்காரன். முகிலன் ஓசூரு. லிவிங்ஸ்டன் இந்தா இந்த உடங்குடி. நான் கயத்தாறுல இருந்து ஒரு சொல்லு சொல்லுதேன், மூணு ஜெட்டும் ஒண்ணா இடது பக்கம் சாயும். அதை நீங்க ஒரு வாட்டி பாக்கணும். எனக்கு மூணு வருசமா அது போதும்னு இருந்துச்சு.

நாலு ஜெட்டுன்னா ரெண்டு சோடி. ஒவ்வொரு சோடிக்கும் முன்னால போறவன் ஒருத்தன், பின்னால காவலுக்கு வாரவன் ஒருத்தன். நான் லீடர். லிவிங்ஸ்டன் என் நம்பர் டூ. நான் எதிரியைப் பாத்து இறங்கும்போது என் முதுகை அவன் பாத்துக்கிடணும். முன்னால போறவனுக்கு முதுகுல கண்ணு கிடையாதுல்லா, அதுக்குத்தான் நம்பர் டூ. இது உலகம் பூரா உள்ள வழக்கம், நான் உண்டாக்குனது இல்ல.

நான் உண்டாக்குனது தூண்டில். அதைச் சொல்லுதேன் கேளுங்க. எதிரி ரெண்டு பேரு வாரான்னு வச்சுக்கிடுங்க. நான் லிவிங்ஸ்டனைத் தனியா விட்டுருவேன். கீழாப்பில, மெதுவா, வழி தப்புன ஆளு மாதிரி அவன் போவான். நான் மேல, சூரியனை ஒட்டி, ரேடாரை அணைச்சுட்டுச் சும்மா இருப்பேன். எதிரி பாப்பான், தனியா ஒருத்தன் அம்புட்டுட்டான்னு அவன் பின்னால எறங்குவான். ஒருத்தன் பின்னால விழுந்துட்டா மனுசனுக்குப் பக்கத்துல இருக்கது தெரியாது, உங்களுக்கே தெரியும். அந்த நேரம் நான் மேலேர்ந்து வந்து பின்பக்கமா சுட்டு எடுப்பேன். முதல்ல ஒருத்தன். பொறவு அடுத்தவன்.

லிவிங்ஸ்டன் பொழைப்பானான்னா? சில வாட்டி பொழைப்பான். இங்கதான் ஒரு சூட்சுமம் இருக்கு. நான் அவசரப்பட்டு முதல் ஆளை எடுத்தா ரெண்டாவது ஆளு சுதாரிச்சு ஓடிருவான். அதனால ரெண்டு பேரும் நல்லா எறங்குற வரைக்கும் நான் பொறுக்கணும். அதுவரைக்கும் அவன் இழுத்துட்டே போகணும். நான் பொறுக்க பொறுக்க அவனுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். ஆனா பொறுத்தார் பூமி ஆள்வார்னு சும்மாவா சொன்னாவ.

போன சீசன்ல பன்னெண்டு ஞாயிறு. நான் எடுத்தது இருவத்தாறு. லீக் பலகையில எம்பேரு மூணாவது இடம். லிவிங்ஸ்டன் விழுந்தது பத்தொம்பது வாட்டி, எடுத்தது ஒண்ணுமில்ல. ஆனா நான் அவனை விட்டுக்குடுத்துப் பேசினதே கெடையாது. ஒவ்வொரு வாரமும் எல்லார் முன்னாலயும் சொல்லுவேன், இதுல லிவிங்ஸ்டனுக்கும் பங்கு உண்டுன்னு. அவன் 'சரி லீடர்'ம்பான். அதுக்கு மேல ஒரு மனுசனுக்கு என்ன வேணும்?

அவன் யாரு, என்ன செய்யுதான்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். மூணு வருசம் கூடப் பறந்திருக்கேன், கேட்டதில்ல. ரேடியோவுல சொந்தக் கதை கூடாதுன்னு நான் ஒரு சட்டம் போட்டிருந்தேன். திசை, தூரம், எரிபொருள், அவ்வளவுதான் பேசணும். சாகுல் ஒரு வாட்டி அவன் மகளுக்கு நிச்சயம் ஆயிருக்குன்னு ஆரம்பிச்சான், பொறவு பேசலாம்னு அடக்கிட்டேன். பொறவு அவன் பேசல, நானும் மறந்துட்டேன். தலை இருக்க வால் ஆடக் கூடாது அண்ணாச்சி. ஆடுனா ஸ்குவாட்ரன் நடத்த முடியாது.

கடைசிப் போட்டிக்கு முந்துன வியாழக்கிழமை லிவிங்ஸ்டன் போன் பண்ணான். அதுக்கு முன்ன அவன் போன் பண்ணதே கெடையாது. ரொம்பத் தயங்கித் தயங்கி, வார ஞாயிறு ஒரு நாள் மட்டும் நான் முன்னால போறேன், நீங்க என் பின்னால வாரியளான்னான். எதுக்குவேன்னு கேட்டேன். அன்னைக்குக் கோயில் முடிஞ்சு மாமனாரும் மச்சினன்மாரு மூணு பேரும் ஒண்ணா வீட்ல சாப்பிடுதாவளாம். அறைக்குள்ள கதவை அடைச்சுட்டு அப்படி என்னதான் பண்ணுதீருன்னு கேட்டுட்டே இருக்காவளாம். டிவியில போட்டுக் காட்டலாம்னு இருக்கேன் லீடர்னான். நான் பெரிய மனசு பண்ணி சரின்னேன். பெரிய மனசுதான் அண்ணாச்சி, இறுதிப் போட்டியாக்கும் அது. வேற எவன் விடுவான்?

அன்னைக்குப் போட்டி மணிலாக்காரனுவ கூட. லிவிங்ஸ்டன் முன்னால போனான். முதல்ல எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல, ஒருத்தன் வாலைப் பாத்துட்டே போறது பழக்கமில்ல. ஆனா பொய் சொல்லக் கூடாது, நல்லாக் கூட்டிட்டுப் போனான். உயரத்தை விடல. அவன் கொரலே வேற மாதிரி இருந்துச்சு. நாப்பது மைல்லயே எதிரி ரெண்டு பேரைப் பிடிச்சுட்டான். சாகுலையும் முகிலனையும் இடது பக்கம் சுத்தி அனுப்புனான். இவன் நேரா ஒருத்தன் பின்னால எறங்குதான். இன்னும் பத்து செகண்டு. பத்து செகண்டுல அவன் கணக்குல முதல் ஆளு விழுந்திருப்பான்.

அந்த நேரம் பாத்து வலது பக்கம் மேலேர்ந்து மிச்சம் ரெண்டு பேரு வாரான். நான் பாத்துட்டேன். பாத்ததும் வாய் சொல்லிட்டு. "லிவிங்ஸ்டன், விட்டுட்டு வலது பக்கம் திரும்பும். தூண்டில்."

'சரி லீடர்'னான். அந்தச் சரி இப்பமும் எனக்குக் காதுல இருக்கு. கைக்கு வந்த ஆளை விட்டுட்டுத் திரும்பி, அந்த ரெண்டு பேருக்கும் முன்னால போய் நின்னான். ரெண்டு பேரும் அவன் பின்னால எறங்குனானுவ. நான் பொறுத்தேன். பொறுத்து ரெண்டையும் எடுத்தேன். அதுக்குள்ள லிவிங்ஸ்டன் விழுந்துட்டான். மத்த ரெண்டுல ஒண்ணை சாகுல் எடுத்தான், ஒருத்தன் ஓடிட்டான். நாங்க ஜெயிச்சுட்டோம். கப்பு எங்களுக்கு.

என்ன கேக்கிய? அந்த ரெண்டு பேரை நானே போய்ப் பாத்திருக்கலாமேன்னா? பாத்திருக்கலாம். நம்பர் டூ வேலை அதுதான். அன்னைக்கு நான்தான் நம்பர் டூ. இல்லன்னு சொல்லல. ஆனா ஜெயிச்சோம்லா அண்ணாச்சி. தோத்திருந்தா நீங்க கேக்கது நியாயம்.

நான் சந்தோசத்துல கத்துதேன், சாகுல் கத்துதான், முகிலன் கத்துதான். லிவிங்ஸ்டன் பேரு திரையில இல்ல. கரண்டு போயிருக்கும்னு நெனைச்சேன். மறுநாளு வாழ்த்து அனுப்புனேன், பாத்தான், பதில் இல்ல. புது சீசன் ஆரம்பிச்சாச்சு, வரல. சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டான். திட்டுனனா? குறை சொன்னனா? ஜெயிச்ச மறுநாளு ஒருத்தன் விட்டுட்டுப் போவானா, நீங்களே சொல்லுங்க. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைஞ்ச கதைதான்.

பொறவு முகிலனை நம்பர் டூவாப் போட்டேன். தூண்டிலுக்குப் போம்னா, அஞ்சு செகண்டு போவான், பின்னால எதிரி வந்ததும் திரும்பி ஓடி வந்துருவான். கேட்டா எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு லீடருங்கான். கம்ப்யூட்டர்ல சுட்டா பிள்ளைகுட்டிக்கு என்னவே ஆவப் போவுதுன்னேன். நீங்க ஒரு வாட்டி போய்ப் பாருங்கன்னான். சாகுல்கிட்டக் கேட்டேன். அவன் மூணாம் நம்பரு, அடுத்த சோடிக்கு முன்னால போறவன், தன்னால முடியாதுன்னு ஒத்தை வார்த்தையில முடிச்சுட்டான். வரிசையா ஆறு ஞாயிறு தோல்வி. எங்க பேரு பலகையில கீழ, கழுதை தேஞ்சு கட்டெறும்பான கதையாப் போச்சு.

சரி, போன ஞாயிறு நானே போனேன். எப்படிப் போவணும்னு முகிலனுக்குக் காட்டத்தான். அவனை மேல நிறுத்திட்டு நான் கீழ தனியாப் போறேன். பின்னால ரெண்டு பேரு எறங்கிட்டான். அண்ணாச்சி, அந்த நேரம் காதுக்குள்ள ஒரு சத்தம் வரும், மிசைலால நம்மளைக் குறி வச்சுட்டான்னு. விட்டு விட்டு அடிக்கும். பொறவு விடாம அடிக்கும். திரும்பக் கூடாது. ஓடக் கூடாது. மேல ஒருத்தன் இருக்கான், இந்தா வந்துருவான்னு நம்பிட்டே நேராப் போவணும். பத்து செகண்டு போச்சு. இருவது போச்சு. நாப்பது செகண்டு போனேன். முகிலன் வரல. நான் விழுந்தேன்.

ஏம்வே வரலன்னு கேட்டேன். "நீங்க சொல்லுவியன்னு பாத்துட்டே இருந்தேன் லீடர்"ங்கான்.

எந்திரிச்சு அடுக்களைக்குப் போய் ரெண்டு செம்பு தண்ணி குடிச்சேன். வீட்ல என்ன செய்யுதுன்னு கேக்கா. என்னத்தைச் சொல்ல? கம்ப்யூட்டர்ல செத்துட்டேன்னா சொல்ல முடியும்? அப்பம்தான் எனக்கு லிவிங்ஸ்டன் நெனைப்பு வந்துச்சு. நான் ஒரு வாட்டி போனேன். அவன் ஒரே சீசன்ல பத்தொம்பது வாட்டி விழுந்திருக்கான், ஒரு வாட்டிகூட ஏன் லேட்டுன்னு என்னைக் கேட்டதில்ல. அவனுக்கு நெஞ்சுரம் ஜாஸ்தின்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது. அப்படிப்பட்ட ஆளைத்தானே தூண்டிலுக்கு அனுப்ப முடியும்? கூட்டிட்டு வந்துரணும்னு முடிவு பண்ணேன். இந்த ஞாயிறும் தோத்தா லீக்லேர்ந்து எடுத்துருவாவ. சாகுலும் முகிலனும் வேற ஸ்குவாட்ரன்ல பேசி வச்சுட்டானுவன்னு கேள்வி. எடுத்துட்டாவன்னா, ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு நான் என்ன செய்வேன் அண்ணாச்சி? எனக்குச் சொல்லவே பயமா இருக்கு.

இன்னைக்கு வந்து விசாரிச்சு வீட்டைக் கண்டுபிடிச்சுட்டேன். கதவைத் திறந்தது அவன்தான், கம்பு ஊனிட்டு வந்தான். சவூதியில சாரம் கட்டுத இடத்துல மேஸ்திரியா இருந்திருக்கான், மேலேர்ந்து விழுந்து இடுப்பு போயிட்டு. நாலு வருசமா மாமனார் வீட்டோட இருக்கான். வீட்டம்மா பியூலா, டீச்சரு. அவுக சம்பளம்தான். நான் வாயைத் திறந்து 'லிவிங்ஸ்டன்'னதும் கொரலை வச்சே 'லீடர்'னுட்டான். கண்ணு கலங்கிட்டு அவனுக்கு. எனக்கும்தான்.

நல்லாக் கவனிச்சாவ. மீன் குழம்பு, அவியல். அந்தம்மா மட்டும் என்னை ஒரு மாதிரி பாத்துட்டே பரிமாறுனாவ. மாமனார்க்காரரு சாப்பிட்டுட்டு ஈசிசேர்ல இருந்தாரு. பெரியவரு, எனக்கு ஒரு சந்தேகம் தம்பின்னு ஆரம்பிச்சாரு. அன்னைக்கு டிவியில பாத்தாராம். முன்னால போறவன்தான் தலைவன்னு மாப்பிள்ளை சொல்லிட்டுதான் உக்காந்தாராம். பின்னால வந்த ஆளு சொல்லு கேட்டு மாப்பிள்ளை ஏன் போய் விழுந்தாருன்னு கேக்காரு. நான் அவருக்குத் தூண்டிலைப் பத்தி முழுசா விளக்குனேன். ரெண்டு டம்ளரையும் ஒரு தட்டையும் வச்சு, எது மேல, எது கீழன்னு காட்டுனேன். புரிஞ்ச மாதிரி தலையை ஆட்டுனாரு. பியூலா டீச்சரு அந்த ரெண்டு டம்ளரையும் எடுத்துட்டு உள்ள போயிட்டாவ. "அன்னைக்கு எங்க தம்பிமாரு சிரிச்சது இந்தத் தெரு முழுக்கக் கேட்டுச்சு சார்"னு போற போக்குல சொன்னாவ.

அவுக தம்பிமாரு சிரிச்சதுக்கு நானா பொறுப்பு? ஆனா அந்த டம்ளரு இல்லாத தரையைப் பாத்துட்டே இருந்தேன்.

பொறவு லிவிங்ஸ்டன்கிட்டக் கேட்டேன். வாரும்வே, நீரு இல்லாம ஒண்ணும் நடக்கலன்னேன். தூண்டிலைப் பாதியாக் குறைச்சுக்கிடுதேன்னேன். அவன் சிரிச்சான். கோவமே படல, அதான் எனக்குத் தாங்கல. நாலு வார்த்தை ஏசிருந்தா நானும் நாலு வார்த்தை பேசிருப்பேன்.

"வாரேன் லீடர்"னான். "ஒரே ஒரு ஞாயிறு நீங்க என் நம்பர் டூவா வாங்க. நான் சொல்லுத வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. அது போதும்."

சரின்னு ஒத்தை வார்த்தை. அதைச் சொல்லத்தானே அண்ணாச்சி நான் இம்புட்டு தூரம் வந்திருக்கேன்? வாயைத் திறக்கேன், வரல. அவன் என் மூஞ்சியைப் பாத்துட்டே இருக்கான். அவசரப்படுத்தல. அவன் பொறுத்துப் பழகுனவன். கடைசியில அவனே, பஸ்ஸுக்கு நேரமாச்சு லீடர், வாங்க ஸ்டாண்டு வரைக்கும் வாரேன்னு கம்பை எடுத்தான். வெயில்ல கூடவே நடந்து வந்து இந்த பஸ்ல ஏத்திவிட்டுட்டுப் போறான். வேண்டாம்னாலும் கேக்கல.

உங்ககிட்ட இப்பம் சொல்லுதேன்லா, சரி, சரின்னு. இங்க வருது. அங்க வரல. எனக்கே என்னைப் பாத்தா என்னமோ போல இருக்கு. நாப்பத்திநாலு வயசுல ஒரு சொல்லுக்குத் தவிக்கேன்.

இப்பம் போன் பண்ணவா? பண்ணுங்கிய. மூஞ்சியைப் பாக்க வேண்டாம்ல, அதுவும் சரிதான். அவன் இன்னும் வீட்டுக்குப் போய்ச் சேந்திருக்க மாட்டான், மெதுவாத்தான் நடப்பான். இருங்க. அடிக்கேன். நீங்க பக்கத்துல இருங்க அண்ணாச்சி.

ஹலோ. லிவிங்ஸ்டனா? நான்தான்வே. ஆமா, பஸ்ல இடம் கிடைச்சுட்டு, நல்ல இடம். இல்ல, அதுக்கில்ல. நீரு சொன்னதுக்கு சரி. சரிங்கேன்வே. ஞாயித்துக்கிழமை நீரு முன்னால போம். நான் பின்னால வாரேன். வாயே திறக்க மாட்டேன். சத்தியமா. ஆ, எனக்கும் சந்தோசம்தான். வீட்ல சொல்லும், மாமனாரையும் உக்காரச் சொல்லும். பின்ன, ஒண்ணே ஒண்ணு. கிளம்புனதும் நேரா வடக்க போகாதீரும், முதல்ல உயரம் எடும், நான் எப்பம் சொல்லுதேனோ அப்பம் திரும்புனாப் போதும். சாகுலை நான் பாத்துக்கிடுதேன், நீரு அவன்கிட்ட ஒண்ணும்... ஹலோ. லிவிங்ஸ்டன். ஹலோ.

கட்டாயிட்டு அண்ணாச்சி. டவர் இல்ல போலுக்கு. எனக்கு நாலு கோடு காட்டுதுதான், அவன் பக்கம் இருக்காது. இந்தப் பக்கம் பூரா செம்மணல் தேரிக்காடு பாருங்க, அப்படித்தான் விட்டு விட்டு வரும்.

என்ன அப்படிப் பாக்கிய? நான் தப்பா ஒண்ணும் சொல்லலியே. சரின்னுதானே சொன்னேன். நீங்களும் கேட்டியள்ல.

பொறுங்க, திரும்ப அடிக்கேன். ரிங் போகுது. போய்க்கிட்டே இருக்கு அண்ணாச்சி.